ஊதாதான் முதலில் போகும்

குமுதவல்லியின் ஊதா நிறம் ஆடி மாதம் போய்விட்டது. புடவைக் கரையில் கொஞ்சம் இருந்தது, மணிக்கட்டு நரம்பில் கொஞ்சம் இருந்தது, இரண்டும் போய்விட்டன. ஊதாதான் முதலில் போகும் என்பது அவள் கணவர் தெய்வசிகாமணிக்குத் தெரியும். அதனால் அவர் பதறவில்லை. அடுத்து நீலம் வெளுக்க ஆரம்பித்ததும் பதறினார்.

தெய்வசிகாமணி முப்பது வருஷமாக ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்களைச் சேர்க்கிறவர். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கட்டை செதுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒற்றி எடுத்த பழைய படங்கள். வெயில் பட்டால் வெளுத்துவிடும். அதற்காகத் திருச்சி வீட்டின் ஜன்னல்களை எல்லாம் பலகை வைத்து அடைத்திருந்தார். மனைவிக்கென்று ஒரே ஒரு ஜன்னலை விட்டுவைத்தார். தன் பெருந்தன்மையைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இருந்தது. அவர் இருட்டறையில் படங்களோடு இருப்பார். அவள் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து, அவர் எப்போது வெளியே வருவார் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். முப்பது வருஷ வெயில் சும்மா விடுமா?

அவளை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து நிற அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். அலுவலகத்தின் நடைவழி நடக்க நடக்க நீண்டது. கால் வலித்து மூன்று தடவை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மூன்று தடவையும் அதே பெஞ்சுதான்.

கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டியிருந்த அதிகாரி அவளைத் திருப்பி முதுகைப் பார்த்தார்.

"முதல் பிரதியா?"

"இல்லைங்க. இவ அக்காதான் முதல் பிரதி. இவ ரெண்டாவது."

"ஓரத்தை வெட்டியிருக்கே."

தெய்வசிகாமணி தலையைக் குனிந்துகொண்டார். "கல்யாணமான புதுசுல வெட்டினதுங்க. ஃப்ரேமுக்குள்ள அடங்கல."

"ஓரத்துல என்ன இருந்துச்சு?"

"கொஞ்சம் பாட்டு. ரெண்டு சிநேகிதிங்க. சைக்கிள் விட்டுக்கிட்டிருந்தா."

"படம் சேர்க்கிறவங்க எல்லாரும் பண்ற தப்புதான். வெட்டினதை வெச்சிருக்கீங்களா?"

"இல்லைங்க."

"எங்க போட்டாருன்னு எனக்குத் தெரியும்," என்றாள் குமுதவல்லி.

அதிகாரி அவள் பக்கம் திரும்பவில்லை. படங்களோடு பேசும் வழக்கம் அந்த அலுவலகத்தில் இல்லை. உத்தரவை எழுதிக் கணவரிடம் கொடுத்தார். வருஷத்தில் பதினாலு நாள் வெளிச்சத்தில் இருக்கலாம். மற்ற நாளெல்லாம் டிராயரில், மெல்லிய தாளுக்கு அடியில், இருட்டில். மீறினால் தீபாவளிக்குள் கறுப்புக் கோடுகள் மட்டும்தான் மிஞ்சும்.

வீட்டுக்கு வந்து, இருப்பதிலேயே நல்ல டிராயரைக் காலி செய்தார். அவள் தானாகவே ஏறிப் படுத்துக்கொண்டாள்.

"அந்தப் பதினாலு நாளும் என்கூட இருப்பீங்களா?"

"வேற என்ன வேலை எனக்கு?"

"படம் பார்க்கப் போயிட மாட்டீங்களே?"

"தொடக்கூட மாட்டேன், குமுதா."

மூடினார்.

டிராயருக்குள்ளிருந்து பேச்சு கேட்காது. மறுநாள் காலையில், அவள் மூக்குத்தி இடது பக்கமா வலது பக்கமா என்று யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவளைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு படத்தையும் வெளியே எடுக்கவில்லை. முதல் நாள் முக்கொம்பு, இரண்டாம் நாள் அவள் அக்கா வீடு என்று பதினாலு நாளுக்கும் திட்டம் எழுதினார். ஒரு சைக்கிள் வாங்கி வாசலில் நிறுத்தினார். அந்த வருஷம் பங்குனி இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் பொறுத்துக்கொண்டார்.

பதினாலில் முதல் நாள் வந்தது. டிராயரை இழுத்துத் தாளை விலக்கினார். மூக்குத்தி வலது பக்கம். புடவையின் பச்சை, கன்னத்தின் மஞ்சள், மிச்சமிருந்த நீலம், எதுவும் குறையவில்லை. இவ்வளவு அழகானவளோடா இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

"வந்துட்டேன்," என்று எழுந்து உட்கார்ந்தாள் குமுதவல்லி. "எங்க போறோம்?"

கையைப் பிடித்து வாசல்வரை கூட்டிவந்தார். அவள் சைக்கிளைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். கைப்பிடியைத் தொட முன்னால் நீட்டிய கையில் வெயில் விழுந்தது. மணிக்கட்டின் நீலம் ஒரு மயிரிழை வெளுத்தது. வேறு யார் கண்ணுக்கும் அது தெரிந்திருக்காது. முப்பது வருஷம் பழகிய கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

அவர் அவளை நிழலுக்குள் இழுத்தார்.

"அடுத்த வருஷம் போகலாம், குமுதா."

"இன்னைக்குத்தானே முதல் நாளு?"

"வீணாப் போயிடும்."

"எதுங்க?"

"நிறம்."

அவள் கண் நிறைந்தது. தெய்வசிகாமணிக்கு உயிரே போய்விட்டது.

"அழாத. சாயம் கரைஞ்சிடும்."

அவள் அழுகையை அடக்கிக்கொண்டாள். அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் டிராயரில் ஏறிப் படுத்து, தாளைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

தாளின் மூலைகளை அவர் சரிசெய்தார். அலமாரியில் தலையை முட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது. படத்தைத் தொடும் கை ஈரமாக இருக்கக் கூடாது. அதனால் அவர் அழவில்லை.