சூடை பொரித்த எண்ணெய்

என் மருமகள் தயாளினி முருகனோடு ஒரு வியாபாரம் பேசினாள். பேத்திக்குக் கிராமர் ஸ்கூலில் இடம் கிடைத்தால் வீட்டில் இனி மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் சமைப்பதில்லை என்று நேர்த்தி வைத்தாள். பேத்தி கண் வீங்கப் படித்தாள், டியூசன்காரர் இரண்டு பேர் படிப்பித்தார்கள், இடம் கிடைத்தது. பெயர் முருகனுக்குப் போனது. என் சோற்றுக் கோப்பையிலிருந்து மீன் போனது.

நான் நேர்த்தி வைக்கவில்லை. என்னை யாரும் ஒரு சொல் கேட்கவுமில்லை. பிறந்ததிலிருந்து மீன் தின்ற வாயைக் கத்தரிக்காயைக் காட்டி ஏமாற்ற ஏலாது. ஆனபடியால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் கேரவனுக்குக் குடிபோனேன்.

அந்தக் கேரவனை வாங்கியது என் மகன் ரதீசன். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு நாடெல்லாம் சுற்றலாம், உள்ளுக்குள்ளேயே படுக்கலாம், சமைக்கலாம் என்று பெரிய புழுகு. ஒரேயொரு முறை கடற்கரைக்குப் போனார்கள். மூன்று நாளும் மழை. திரும்பி வந்து எட்மண்டனில் எங்கள் வீட்டு முற்றத்தில் விட்டதுதான், அதற்குப் பிறகு அது ஒரு அடி நகரவில்லை. ஆனால் உள்ளே நல்ல காஸ் அடுப்பு இருக்கிறது. தமிழ்க்கடையில் ஐஸ் போட்ட சூடை மீன் வாங்கி, மிளகாய்த்தூளும் மஞ்சளும் உப்பும் பிரட்டி, தாச்சியில் முறுகப் பொரித்து, ஜன்னலைத் திறந்துவிட்டு ராசா மாதிரித் தின்பேன்.

கதவுதான் ஒரு குறை. திறந்தால் அறுக்கக் கொண்டு போகிற பன்றி மாதிரிக் கத்தும். எனக்கு அதில் கவலையில்லை. என் அறை ஜன்னல் நேரே அதைப் பார்த்தபடி இருக்கிறது. எவன் கை வைத்தாலும் படுத்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். நான் மனுசரை நம்பி நாசமாய்ப் போனவர்களை நிறையப் பார்த்தவன்.

போன திங்கட்கிழமை தயாளினி வந்து நின்றாள்.

"மாமா, பக்கத்து வீட்டு மோரீன் முறைப்பாடு சொல்லுறா. உங்கடை கதவுச் சத்தத்திலை மனுசிக்கு நித்திரை இல்லையாம்."

"நான் தின்னிறது மத்தியானம். அந்த நேரத்திலை அவவுக்கு என்ன நித்திரை?"

"அது எனக்குத் தெரியாது. கதவுப் பிணைச்சலுக்கு எண்ணெயைப் போடுங்கோ. இல்லாட்டி இதை வித்துத்தான் போடவேணும்."

பக்கத்தில் இருந்த ரதீசனுக்கு அதுவரை காது கேட்கவில்லை. 'வித்து' என்ற சொல்லுக்குப் போனிலிருந்து தலையை நிமிர்த்தினான்.

"அதுதான் நல்லது. எனக்கும் காரை றோட்டிலை விட்டு அலுத்துப்போச்சு."

"டேய், எண்ணெய் போட்டால் விக்கமாட்டாய்தானே?"

"சத்தம் நிண்டால் பாப்பம் அப்பா. கடையிலை ஸ்பிறே விக்குது, வாங்கி அடியுங்கோ."

நான் ஸ்பிறே வாங்கவில்லை. தகரத்துக்குள் என்ன கிடக்கிறதென்று எவனுக்குத் தெரியும்? கண்ணால் பார்க்க முடியாத எண்ணெய்க்கு நான் காசு கொடுப்பதில்லை. என்னுடைய தாச்சியில் நல்ல எண்ணெய் இருந்தது. சூடை பொரித்துப் பொரித்துக் கறுத்துத் தடித்த எண்ணெய். அது வழுக்குகிற வழுக்கில் ரயில் தண்டவாளத்துக்கே பூசலாம். எண்ணெய் எண்ணெய்தானே என்று நினைத்தேன்.

முற்றத்தில் கிடந்த புறா இறகு ஒன்றை எடுத்துக் கழுவினேன். பழைய சாறத்துண்டால் கதவைத் தாங்குகிற பிணைச்சல்களைத் தேய்த்தேன். கறள் சிவப்பாக வந்தது. இறகை எண்ணெயில் தோய்த்து, பிணைச்சல் பூட்டின இடுக்குகளுக்குள் விட்டு, கதவை ஆட்டினேன். முதலில் முனகியது. இன்னும் கொஞ்சம் விட்டேன். பிறகு வாயை மூடிவிட்டது. கதவு ஆடுவது கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்கு ஒன்றுமில்லை. மிச்ச எண்ணெய் கதவு ஓரத்தால் வழிந்தது. துடைக்கவில்லை. ஊறினால் நல்லதுதானே.

அடுத்த நாள் மோரீனின் பூனை வந்தது. செம்மஞ்சள் நிறம், உரலளவு உடம்பு. படிக்கட்டில் ஏறி நின்று கீழ்ப் பிணைச்சலை நக்கிக்கொண்டிருந்தது. துரத்தினால் மதிலில் போய் இருக்கும், நான் திரும்பினால் மறுபடி வரும். கடைசியில் அதைத் தேடிக்கொண்டு மோரீனே வந்தாள். தொண்ணூறை எட்டிப் பிடிக்கிற மனுசி. வந்த சாட்டில் மன்னிப்புக் கேட்டு வைப்போம் என்று எனக்குத் தெரிந்த நாலு இங்கிலீசில், "டோர், சொறி, நவ் நோ நொய்ஸ்" என்றேன்.

மனுசி கையைக் காதில் வைத்துக்கொண்டு "வாட்?" என்றாள். நான் கத்தினேன். அவள் காதுக்குள்ளிருந்த மெஷினைக் கழற்றிக் காட்டினாள். அது செத்து மாதக்கணக்காகிறதாம், டிவியில் எழுத்தைத்தான் வாசிக்கிறாளாம். எந்தக் கதவு என்று கேட்டாள்.

எனக்கு இரத்தம் கொதித்தது. அப்போ முறைப்பாடு சொன்னது யார்? மருமகள் என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறாள். கேரவனைத் தொலைத்துவிட்டு முற்றத்தில் தன் காரை விடப் பார்க்கிறாள். அவளுக்குத் தேவை காருக்கு இடம், எனக்குத் தேவை ஒரு அடுப்பு. கேட்டிருந்தால் கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருக்கலாம்.

இதற்குள் இன்னொரு கரைச்சல். பின்னேரத் தேத்தண்ணியோடு தின்னவென்று மூடி வைக்கிற மீன் பொரியல் குறைந்துகொண்டு வந்தது. பூனை என்று நினைத்தேன். ஆனால் பூனை கதவைத் திறந்து, மூடியைத் தூக்கி, தின்றுவிட்டு, மூடியைத் திருப்பி வைத்துவிட்டா போகும்? ரதீசனாய்த்தான் இருக்கும் என்று முடிவுகட்டினேன். கதவு கத்திக்கொண்டிருந்தால் கையோடு பிடித்திருப்பேன். நானே அதன் வாயை அடைத்துவிட்டேன்.

சனிக்கிழமை ரதீசன் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்ட்ரெதமிலிருந்து வந்த செபமாலைமுத்து. மினிகாப் ஓட்டுகிறவர். மாதா திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போய்த் தங்க ஒரு கேரவன் தேடுகிறாராம்.

"சத்தம் நிண்டால் விக்கிறேல்லை எண்டு சொன்னனியே?" என்று மகனைக் கேட்டேன்.

"பாப்பம் எண்டுதான் சொன்னனான். இப்ப கதவு நல்லாயிருக்கு அப்பா. நல்ல விலை வரும்."

பாருங்கள், நான் பெற்றது.

செபமாலைமுத்து கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"அருமையாய் இருக்கு அண்ணை. வெண்ணெய் மாதிரிப் போகுது. என்ன போட்டனீங்கள்?"

"உங்களுக்கு ஏன்? மழைக்கு ஒழுகும், சில்லு சுத்தாமல் இறுகிப்போச்சு, உள்ளுக்கை எலியும் இருக்கு."

"அப்பா, சும்மா இருங்கோ."

"எலி இருந்தால் இருக்கட்டும் அண்ணை. எங்கடை வீட்டிலை மச்சான்மார் நாலுபேர் இருக்கினம், அதைவிடவா?"

மனுசன் அசைகிற ஆளில்லை. கையைக் கொடுத்து முடிக்கப் போகிற நேரம் தயாளினி வெளியே வந்தாள். பட்டுச்சீலை, நெற்றி நிறைய விபூதி, மேலே அவளுடைய கறுப்புக் கோட்டு. கமிட்டித் தலைவியாகக் கோயிலுக்குப் புறப்பட்டிருந்தாள். ஆளைக் கண்டதும் அவள் முகம் கறுத்துப்போனது. காருக்கு இடம் கிடைக்கப் போகிறவளின் முகமாக அது இருக்கவில்லை.

மதிலில் இருந்த பூனை குதித்தது. கேரவனுக்குப் போகவில்லை. நேரே தயாளினியிடம் போய், பின்காலில் எழுந்து, கோட்டின் வலது கையைப் பிடித்து நக்கத் தொடங்கியது. அவள் உதறினாள். அது தொங்கியது.

"உம்மடை கோட்டிலை என்ன?" என்றான் ரதீசன்.

"எனக்கென்ன தெரியும்? விசர்ப் பூனை."

நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே கறுப்பில் கறுப்பாய் ஒரு மினுக்கம். கதவு ஓரம் உரசுகிற உயரம். எனக்கு எல்லாம் வெளித்தது. கதவை வாயடைக்கச் சொன்னது காருக்காக இல்லை. அது கத்தினால் ஜன்னலில் என் தலை தெரியும். மோரீனுக்கு இல்லாத காதை இவள்தான் கொடுத்திருக்கிறாள்.

"பிணைச்சல் எண்ணெய்" என்றேன். "சூடை பொரிச்சது. இந்தக் கதவாலை போய் வந்த ஆக்களிலைதான் படும்."

"நீங்கள் மட்டும்தானே போறனீங்கள்?" என்றான் மகன். படித்தவன், ஆனால் மூளை மெதுவாகத்தான் வரும்.

"நானும் அப்பிடித்தான் நினைச்சிருந்தன்."

தயாளினி என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒரு கோயில் கமிட்டித் தலைவியை அப்படி நேராகப் பார்க்க எனக்கு முன்பு ஒருநாளும் வாய்க்கவில்லை. இன்னும் ஒரு வசனம் என் வாயில் இருந்தது. அது அவளுக்கும் தெரியும்.

"கேரவனை விக்கேலாது" என்றாள் ரதீசனிடம்.

"என்னப்பா? நீர்தானே விக்கச் சொன்னனீர்?"

"தேர்த் திருவிழாவுக்கு அன்னதானச் சாமான் வைக்க இடமில்லை. கமிட்டியிலை எங்கடை கேரவனைத் தாறன் எண்டு சொல்லிப்போட்டன். சாமி காரியம். கதைக்காதேங்கோ."

"எப்ப சொன்னனீர்?"

"இப்ப போய்ச் சொல்லப்போறன்."

செபமாலைமுத்து தொப்பியைத் தலையில் வைத்தார். "தம்பி, நான் ஆத்தைக் கடந்து இவ்வளவு தூரம் வந்தனான். அடுத்தமுறை விக்க முன்னம் வீட்டிலை ஒருக்கால் கேளும்" என்றுவிட்டுப் போனார். நல்ல மனுசன்போலத்தான் இருந்தது. நான் அவரையும் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் பொரித்துக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் குளிர் காற்று அடித்தது. திரும்பினால் தயாளினி உள்ளே நிற்கிறாள். கையில் ஒரு கோப்பை, அதில் வட்டமாக வெட்டின வெங்காயமும் தேசிக்காயும்.

"உன்ரை நேர்த்தி?" என்றேன்.

"வீட்டிலை மச்சம் சமைக்கிறேல்லை எண்டுதான் வைச்சனான் மாமா. இது வீடில்லை. சில்லு இருக்கு."

கிராமர் ஸ்கூல் மூளை பேத்திக்கு எங்கிருந்து வந்ததென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அவள் இருந்து, தேசிக்காயைப் பிழிந்து, ஒரு சூடையைத் தலையோடு கடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். பிறகு முகத்தைச் சுளித்தாள்.

"உப்புக் கூடிப்போச்சு. எண்ணெயையும் மாத்துங்கோ, நாறுது."

"களவெடுத்துத் தின்னேக்கை நாறேல்லையோ?"

"அப்பவும் நாறினதுதான். ஆரிட்டைச் சொல்லுறது?"

தாச்சியை என் கையிலிருந்து வாங்கினாள். தடுக்கலாமென்றுதான் நினைத்தேன். இடம் காணாது என்று எழும்பி ஜன்னல் பக்கம் தள்ளி இருந்தேன்.