யாரும் தொடாத பம்ப்

என் மகளின் தொட்டிலுக்கு மேலே இருந்த டிரிப்ஸ் பம்பில் மூன்று என்ற எண் எட்டாக மாறியது. யாரும் அதைத் தொடவில்லை. நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

மண்டி மொஹல்லாவில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி, குறைமாதக் குழந்தைகள் வார்டு. என் இரட்டையரில் பையன் தேறிவிட்டான், மணிக்கு எட்டு மில்லி குளுக்கோஸ் தாங்குவான். மகள் உள்ளங்கை அளவுதான் இருக்கிறாள். மூன்றைத் தாண்டினால் நுரையீரலில் நீர் கோத்துவிடும் என்று டாக்டர் காலையில்தான் எச்சரித்துவிட்டுப் போயிருந்தார்.

"டோரதி சிஸ்டர்! இங்க பாருங்க, சீக்கிரம்!"

நர்ஸ் டோரதி கம்ப்யூட்டர் மேசையிலிருந்து ஓடி வந்தார். "பாப்பாவோடத நா தொடவே இல்லண்ணா. தம்பிக்குத்தான் எட்டு போட்டேன். பம்பெல்லாம் கம்ப்யூட்டரோட சேத்ததே இன்னைக்குத்தான்."

திரும்ப ஓடிப் போய் மகளுக்கு மூன்று போட்டார். பம்ப் இறங்கியது. எனக்குப் போன உயிர் வந்தது. உடனே பக்கத்தில் பையனுடைய பம்பும் மூன்றுக்கு இறங்கியது.

புரோகிராம் எழுதித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். இந்தக் கிரகசாரம் எனக்குத் தெரியாதா? "பாப்பா சார்ட்ட கம்ப்யூட்டர்ல எப்படிப் போட்டீங்க?"

"தம்பியோடத காப்பி பண்ணி, பேர மட்டும் மாத்தினேன்."

"அது காப்பியே இல்ல சிஸ்டர்! உள்ள இருக்கிறது ஒரே சார்ட், பேருதான் ரெண்டு. எந்தப் பேர்ல போய் மாத்தினாலும் அந்த ஒண்ணுதான் மாறும். எந்த மகராசன் எழுதினானோ, கையில கிடைக்கட்டும்..."

"சும்னே கத்தாதீங்கண்ணா. இப்ப என்ன பண்ண?"

"ரெண்டு பம்பையும் கம்ப்யூட்டர்லேருந்து கழட்டுங்க. கையால வைங்க."

ஒயர்களைப் பிடுங்கிவிட்டு வைத்தார். மகளுக்கு மூன்று, பையனுக்கு எட்டு. இந்த முறை இரண்டும் அசையவில்லை. ஏசுவே, தோத்திரம் என்று நின்ற இடத்திலேயே சிலுவை போட்டுக்கொண்டேன்.

டோரதி மட்டும் நகரவில்லை. கழட்டிய ஒயர் கையிலேயே இருந்தது.

"அண்ணா... தம்பியோடதும் காப்பிதான். புதுசா எந்தக் கொழந்த வந்தாலும் அப்படித்தான் போடறோம். மொத வந்த கொழந்தையோட சார்ட்லேருந்துதான் எல்லாமே."

நிமிர்ந்து பார்த்தேன். வரிசையாக மற்ற எல்லா பம்பிலும் மூன்று. கடைசித் தொட்டிலில் இதயத்துக்கு மருந்து ஏறும் குழந்தை. ஒன்றுக்கு மேல் கூடாது என்று தொட்டிலின் அட்டையில் சிவப்பு மையில் எழுதியிருந்தது.

அதன் அம்மா மனிஷா எங்களைப் பார்த்துச் சிரித்தாள். உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா பேசுங்கண்ணா. காலையிலேருந்து ஒரே அழுகை. இப்பத்தான் தூங்கிடுச்சு."