கடைசிப் பத்து நிமிடம்

ஓவியா சொன்ன முடிவு தப்பு.

கண்மணி துணி மடித்துக்கொண்டே கேட்டிருந்தாள். சும்மா கேட்பதுபோல.

"இன்னைக்குப் பார்த்த படத்துல கடைசில என்ன கண்ணு ஆச்சு?"

"அந்தச் செருப்புக்கடைப் பொண்ணு பஸ் ஸ்டாப்ல நிக்கிறா. பையன் கார்ல வரான். அவ்ளோதான்."

"வந்து?"

"ஒண்ணும் இல்ல. ஓபன் எண்டிங்."

மகள் மாடிக்குப் போனதும் கண்மணி ஃபோனில் படத்தின் பெயரைத் தட்டினாள். 1984-ல் வந்த படம். மழையில் பையன் காரைவிட்டு இறங்குகிறான். முத்தம். இருவரும் ஒரே காரில் ஊரைவிட்டுப் போகிறார்கள். கதைச் சுருக்கத்தில் அந்த முத்தத்துக்கு மட்டும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தார்கள். படத்தைப் பார்த்தவள் அதை மறந்திருக்க முடியாது.

கண்மணிக்கு மருந்துக் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை. ஒவ்வொரு பேட்ச் மாத்திரைக்கும் எழுதிவைத்த தாள்களைப் படித்து, நேரமும் கையெழுத்தும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பாள். ஒரு தாளில் பிசகினால் அது கைத்தவறு. இரண்டில் பிசகினால் கவனிக்க வேண்டும். மூன்றில் பிசகினால் யாரோ பொய் எழுதுகிறார்கள்.

இது முதல் தாள். மடித்த துணிகளை அலமாரியில் வைத்தாள்.

சனிக்கிழமைதோறும் மதியம் இரண்டு மணிக்கு ஓவியா தன் தோழி அதிதி வீட்டுக்குப் போவாள். அமெரிக்காவில் அவர்கள் குடியிருக்கும் பிஸ்கட்டவேயிலேயே, ஆறு தெரு தள்ளி. நூலகத்திலிருந்து எடுத்துவந்த எண்பதுகளின் படங்கள், எல்லாமே ஹைஸ்கூல் பிள்ளைகளின் கதை. ஐந்து மணிக்குத் திரும்புவாள். அதிதிக்கு ஒரு அண்ணன் உண்டு, ஷ்ரேயஸ். காலேஜ் பையன், உயரமானவன், நன்றாகச் சிரிப்பான்.

"விடு கண்மணி, பழைய படந்தானே பாக்குறா" என்றான் அவள் கணவன் செழியன்.

"அதானுங்க சந்தேகமே. பதினாறு வயசுப் புள்ள நாப்பது வருசத்துப் படத்த எதுக்குப் பாக்கோணும்?"

"நாம பழைய பாட்டுக் கேக்கலையா?"

"அது நம்ம பாட்டு. இது யாரு படம்? அவ கிளாஸ்ல இருக்கிற வெள்ளக்காரப் புள்ளைங்களே இதையெல்லாம் பாக்கறதில்ல."

அவன் காபியைக் குடித்தான்.

சாதாரண நாளாயிருந்தால் அவளும் விட்டிருப்பாள். ஆனால் பாஸ்டனில் ஆறு வாரக் கோடை வகுப்புக்கு ஓவியாவுக்கு இடம் கிடைத்திருந்தது. விடுதியில் தங்க வேண்டும். பெற்றோர் ஒப்புதல் படிவம் கண்மணியின் ஃபோனுக்கு வந்து கிடந்தது. இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் இடம் போய்விடும். அதில் ஒரு கேள்வி: மாணவர் மாலை நேரங்களில் துணையின்றி வளாகத்துக்கு வெளியே செல்லலாமா? ஆறு தெரு தள்ளிப் போவதற்கே பொய் சொல்கிறவளைப் பாஸ்டனுக்கு எப்படி அனுப்புவது?

அடுத்த சனிக்கிழமைப் படம், பள்ளி மொட்டைமாடியில் மாட்டிக்கொண்ட இருவரைப் பற்றியது. "கதவு திறக்குது. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்கிறாங்க. தட்ஸ் இட்" என்றாள் ஓவியா. அதற்கும் அடுத்தது ஒரு ஸ்கேட்டிங் அரங்கு. "லைட் ஒவ்வொண்ணா ஆஃப் ஆகுது. அவன் கைய நீட்டுறான்." அத்துடன் சரி.

கண்மணி இந்த முறை சுருக்கத்தை நம்பவில்லை. அந்த வாரம் வீட்டிலிருந்து வேலை செய்த மதியங்களில், மூன்று படத்தையும் வாடகைக்கு எடுத்து முழுதாகப் பார்த்தாள். மூன்றிலும் ஓவியா சொன்ன இடத்துக்குப் பிறகு பத்து நிமிடம் படம் இருந்தது.

வேறொன்றையும் கவனித்தாள். இந்தப் படங்களில் அப்பா அம்மாவே இல்லை. இருந்தால் வார இறுதிக்கு ஊருக்குப் போய்விடுகிறார்கள். ஊரில் இருந்தால் பேப்பர் படிக்கிறார்கள். பிள்ளைகள் போர்வைக்குள் தலையணையை வைத்துவிட்டு ஜன்னல் வழியாக இறங்குகிறார்கள். யாரும் யாரையும் ஃபோனில் கூப்பிடுவதில்லை. கண்மணி மாடிக்குப் போய் ஓவியாவின் ஜன்னலைப் பார்த்தாள். கொசுவலை ஆணி அப்படியே இருந்தது. மூலையில் சிலந்திவலைகூடக் கலையவில்லை. அது அவளுக்கு நிம்மதி தரவில்லை. கதவு வழியாகவே போகிறவளுக்கு ஜன்னல் எதற்கு?

ஸ்கேட்டிங் படத்தை மட்டும் இரண்டாவது தடவை பார்த்தாள். சரிபார்க்க என்று சொல்லிக்கொண்டாள்.

நான்காவது சனிக்கிழமை மூன்றரை மணிக்குக் கண்மணி, அதிதியின் அம்மா ஷ்யாமளா எப்போதோ கொடுத்தனுப்பிய தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள். காலியாகத் திருப்பக் கூடாது என்று அவள் ஊர்ப் போளியான ஒப்புட்டு நாலு வைத்தாள். காரை இரண்டு வீடு தள்ளி நிறுத்தினாள்.

வாசலில் செருப்புகளை எண்ணினாள். ஓவியாவுடையது, அதிதியுடையது, ஷ்யாமளாவுடையது. ஆண் செருப்பு எதுவும் இல்லை. ஷ்ரேயஸ் செருப்பைப் பின்வாசலில் விட்டு உள்ளே இருக்கலாம், அல்லது ஓவியா வேறு செருப்புப் போட்டு அவனுடன் வெளியே போயிருக்கலாம் என்று கணக்குப் போட்டாள். மணி அடித்தாள். யாரும் வரவில்லை. கதவு பூட்டியிருக்கவில்லை. கீழே பேஸ்மென்டில் படம் ஓடும் சத்தம் கேட்டது. படியில் பாதிவரை இறங்கி நின்றாள்.

ஓவியா கம்பளத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அதிதி. பின்னால் சோபா விளிம்பில் ஷ்யாமளா, முதுகு நிமிர்ந்து, ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். திரையில் ஒரு பெண் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். பையன் சைக்கிளைச் சாய்த்து நிறுத்துகிறான். அவளை நோக்கி ஓரடி வைக்கிறான்.

திரை நீலமானது.

"அவ்ளோதான், படம் முடிஞ்சுது. எழுந்திருங்கோ, டீ போடறேன்" என்றாள் ஷ்யாமளா.

பெண்கள் இருவரும் அசையவில்லை. நீலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓவியா நீளமாக மூச்சுவிட்டாள்.

படியில் நின்ற கண்மணியைப் பார்த்துச் சமையலறைக்கு அழைத்துவந்த ஷ்யாமளா குரலைத் தாழ்த்தினாள். "தப்பா நெனச்சுக்காதீங்கோ. முத்தம் வந்தா நிறுத்திடுவேன். இந்தப் படத்துக்கெல்லாம் கடைசிலதான் வந்து தொலைக்கறது, நான் என்ன பண்ணட்டும்?"

"எந்த இடத்துல வரும்னு எப்படித் தெரியும்?"

"முன்னாடியே நான் பாத்துடுவேன். ஒரு தடவ பத்தாது, ரெண்டு தடவ." ஷ்யாமளா டீத்தூளை அளவுக்கு மேல் போட்டாள்.

"ஷ்ரேயஸ் எங்கங்க?"

"அவன் ஜனவரிலேர்ந்து டெக்சஸ்ல. ரவுண்ட் ராக்னு ஒரு ஊர்ல இன்டர்ன்ஷிப். ஏன்?"

"சும்மாதானுங்க."

காரில் ஓவியா சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு நேராகப் பார்த்தாள். "கார எதுக்கு அங்க நிறுத்தின?"

கண்மணி ஒரு தெரு போனபின் கேட்டாள். "ஆன்ட்டி பாதில நிறுத்துறாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாம? கிரெடிட்ஸே வராத படமா? முதல் படத்துக்கே லுக் அப் பண்ணிட்டோம். அப்புறம் பண்ணல."

"ஏன்?"

"அந்த எண்டிங் எல்லாம் போர்ம்மா. கிஸ் பண்ணுவாங்க, பாட்டு வரும், முடிஞ்சிடும். ஆன்ட்டி நிறுத்துற இடத்துல இன்னும் எதுவும் ஆகல. அவங்க எங்க போவாங்கன்னு யாருக்கும் தெரியாது. ஃபோன்கூட இல்ல அவங்ககிட்ட. நல்லா இருக்கு."

"என்கிட்ட இதச் சொல்லியிருக்கலாமே."

"நீ படத்துல என்ன ஆச்சுன்னு கேட்ட. நான் பார்த்ததச் சொன்னேன். முழுசா சொன்னா நீ ஆன்ட்டிகிட்டப் பேசுவ. அவங்களுக்கு ஒரு மாதிரி ஆயிடும். நிறுத்திடுவாங்க. எங்கள விட அவங்களுக்குத்தாம்மா இது ரொம்பப் பிடிக்கும்."

கண்மணி சிவப்பு விளக்கில் நின்றாள். முரண்பாடு இருக்கிறதா என்று ஒவ்வொரு வாக்கியமாகத் தேடினாள். இல்லை.

"நீ அதெல்லாம் பார்த்தியா?" என்றாள் ஓவியா.

"ம்."

"ஃபுல்லா? என்னைச் செக் பண்றதுக்கா?"

"ம்."

ஓவியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் கண்மணிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டு வாசலில் கார் நின்றதும் கண்மணி ஃபோனை எடுத்துப் படிவத்தைத் திறந்தாள். அந்தக் கேள்விக்கு வந்து நின்றாள்.

"இதுக்கு என்ன போடட்டும்?"

"உன் இஷ்டம்."

கண்மணி 'ஆம்' என்பதைத் தொட்டாள். முழுப் படிவத்தையும் மேலிருந்து ஒருமுறை படித்தாள். மறுபடி ஒருமுறை படித்தாள். பிறகு அனுப்பினாள். பக்கத்துச் சீட்டில், படிவம் போய்ச் சேர்ந்த செய்தியோடு ஓவியாவின் ஃபோன் ஒலித்தது. ஓவியா பார்த்துவிட்டுப் பையில் போட்டாள். நன்றி சொல்லவில்லை.

"அடுத்த சனிக்கிழமையும் வருவியா?"

"வரட்டுமா?"

"வேணாம்."

சரி என்றாள் கண்மணி. ஓவியா இறங்கிக் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். அவள் உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்று நினைத்து, கண்மணி ஸ்டியரிங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.