உள்துணி

என் வீட்டுக்காரர் குளிருக்குத் தயாராவதைப் பார்த்தால் யாரோடோ சண்டைக்குப் போகிறவர் மாதிரி இருக்கும். பனியனுக்கு மேல், நெஞ்சோடு ஒட்டிப் பழைய செய்தித்தாள். அதன் மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் ஜாக்கெட். காலுறையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பை கட்டி ரப்பர் பேண்ட் போட்ட பிறகுதான் ஷூவுக்குள் காலை விடுவார். நடந்தால் சரசரவென்று சத்தம் கேட்கும். இவ்வளவும் மாட்டிக்கொண்டு முதுகில் எதைக் கட்டிக்கொண்டு போகிறார் என்றால், ஐஸ் பெட்டியை. இங்கே மருத்துவமனையில் எடுக்கும் ரத்த மாதிரிகளை மலைக்குக் கீழே இருக்கும் லேபில் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. ஊரே போர்வைக்குள் சுருண்டு கிடக்கும்போது ஐஸைச் சுமந்துகொண்டு பைக்கில் போகிற உத்தியோகம் இவருக்கென்றே வாய்த்திருக்கிறது.

உடம்பு எப்படியோ தாங்கிவிடும். கைதான் தொல்லை. கம்பளிக் கையுறை போட்டாலும் காற்று அதைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறது. போன வாரம் நான் போன் போட்டுக்கொண்டே இருக்கிறேன், மனுஷன் எடுக்கவே இல்லை. சாயங்காலம் வந்து, "விரல் மரத்துப்போச்சு, போன வெளிய எடுக்கவே முடியல" என்று சாவகாசமாகச் சொன்னார். அன்றைக்கு நான் பேசிய பேச்சில் அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை. "சரி தாயே, இனிமே போன் வந்தா முதல் ரிங்லயே எடுக்கறேன், போதுமா?" என்றார். சொன்னால் செய்கிற ஆள். ஆனால் வண்டியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள் என்பது மட்டும் காதில் ஏறாது. இறக்கத்தில் வலது கையை எடுத்து, போனை ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொண்டு பேசுவார். கேட்டால், "இறக்கத்துல ஆக்சிலேட்டருக்கு என்ன வேலை? வண்டி தானா போகும்" என்பார்.

நான் கார் சீட்டுக்கு உறை தைப்பவள். மரத்துப்போன விரலுக்கு ஒரு வழி பண்ணலாமே என்று ஹேண்டிலுக்கு உறை தைத்தேன். வெளியே ரெக்சின், உள்ளே கம்பளித் துணி. கைப்பிடி, பிரேக் எல்லாம் உறைக்குள் அடங்கிவிடும். கையை நுழைத்துக்கொண்டால் காற்று அண்டாது. இன்று காலையில் வண்டியில் ஏறி, கையுறையோடு கையை உள்ளே விட்டவர் முகம் குழந்தை முகம் மாதிரி ஆகிவிட்டது.

"அடுப்படியில கை வெச்ச மாதிரி இருக்கு. ஆனாலும் ரெண்டு கைக்கும் விலங்கு மாட்டித்தான் அனுப்பறே."

"மாட்டினாலாவது ஒழுங்கா வீடு வந்து சேருறீங்களான்னு பாப்போம்."

சிரித்துக்கொண்டே போனார். நானும் சிரித்தேன்.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுக் கேபிள்காரத் தம்பி வந்தான். அவனும் பைக்கில் அலைகிறவன் என்பதால் அவனுக்கும் ஒரு ஜோடி தைத்து வைத்திருந்தேன். வாசலில் நின்ற அவன் வண்டியில் நானே மாட்டினேன். கையுறை போட்ட கையை உள்ளே விட்டான், ஆகா என்றான். வெளியே எடுத்தான். கம்பளியைக் கம்பளி பிடித்துக்கொண்டு, உள்துணி பாதி அவன் கையோடு வந்துவிட்டது.

"என்னக்கா, சட்டைப் பைய உருவின மாதிரி வருது" என்று சிரித்துக்கொண்டே கையைத் திரும்ப உள்ளே தள்ளினான். துணி சுருண்டு உள்ளே போனது. அவன் எதையோ அழுத்துவது தோளில் தெரிந்தது.

"அக்கா, பிரேக் புடிக்கல. துணி நடுவுல மாட்டிக்கிச்சு. ரெண்டு தையல் போட்டுக் குடுங்க, சரியாப் போயிடும்."

சீட் உறையில் உள்துணியை விளிம்பில் மட்டும்தான் தைப்போம். மற்ற இடத்தில் விட்டுவிடுவோம், இல்லாவிட்டால் சுருக்கம் விழும். இத்தனை வருஷமாக அப்படியே தைத்த கை, இதையும் அப்படியே தைத்திருக்கிறது. உட்கார்ந்தவர் எழுந்தால் துணி கூடவே எழுந்து வராது. கை அப்படியா? நேற்று மாட்டிப் பார்த்தபோது அவர் வெறுங்கையோடு இருந்தார், வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. இன்று கையுறையோடு நுழைத்த கையை அவர் இன்னும் வெளியே எடுத்திருக்க மாட்டார்.

கால் பிரேக் இருக்கிறதே என்று மனம் சமாதானம் தேடியது. பனி படிந்த இறக்கத்தில் கால் பிரேக்கை மட்டும் மிதித்தால் பின்சக்கரம் எப்படி இழுத்துக்கொண்டு போகும் என்று, ஒருமுறை விழுந்து எழுந்து வந்து அவரே சொல்லியிருக்கிறார்.

போனை எடுத்தவள் அப்படியே நின்றேன். நான் கூப்பிட்டால் எடுப்பார். முதல் ரிங்கிலேயே எடுப்பார். எடுக்க வேண்டுமென்றால் கையை உருவ வேண்டும். இந்நேரம் இறக்கத்தில்தான் இருப்பார். யாரும் கூப்பிடாவிட்டால் அந்தக் கை கீழே போய்ச் சேரும்வரை உள்ளேயே இருக்கும், வண்டியை நிறுத்திவிட்டுத்தான் வெளியே வரும். லேபில் சொல்லிவைத்தால் போதும், உறையைக் கழற்றி எறிந்துவிட்டுத் திரும்பி வரட்டும். லேப் நம்பர் உள்ளே காலண்டரில் எழுதியிருக்கிறது. தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் உள்ளே ஓடினேன்.

நம்பரைப் பார்த்துக்கொண்டு திரும்பினால், வாசலில் அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறான்.

"மாமாவுக்கும் இதே உறைதானேக்கா, அதான் ஒரு வார்த்தை சொல்லிடலாம்னு. ரிங் போகுது."

"கட் பண்ணுடா."

"எடுத்துட்டாருக்கா."

பிடுங்கிக் காதில் வைத்தேன். காற்று இரைந்தது. அதற்குள்ளிருந்து அவர் குரல். "சொல்லு தம்பி."

"நான்தாங்க. கைய உள்ள விடாதீங்க. வண்டிய அப்படியே ஓரங்கட்டுங்க, கைய மட்டும் உள்ள விடாதீங்க."

"ஒண்ணும் கேக்கல தம்பி, காத்து அடிக்குது. உங்கக்காகிட்ட சொல்லு, உறை பிரமாதம், கை அப்படியே சூடா இருக்கு. இரு, வளைவு வருது, கைய உள்ள விட்டுக்கறேன்."

நான் கத்திக்கொண்டே இருந்தேன். என் வலது கை எப்போது தம்பியின் வண்டி உறைக்குள் போனது என்று தெரியவில்லை. உள்ளே கதகதப்பாக இருந்தது. சுருண்டு கிடந்த துணியோடு சேர்த்து பிரேக்கை இறுக்கிப் பிடித்து அழுத்தினேன், இன்னும் அழுத்தினேன். அது அசையவில்லை. காதில் காற்றின் இரைச்சல் ஏறிக்கொண்டே போனது.