எழுந்திரு, ஜூன்!

எழுபத்து மூன்றில் வந்த ‘ஜெரிகோ ஜூன்’ படத்தில் ஜூனாக நடித்தவள் நான்தான், எர்னஸ்டின் கேடிஸ். தலையில் பந்து போல முடி, முழங்கால்வரை பூட்ஸ், இரண்டு கையிலும் துப்பாக்கி. எங்கள் கறுப்பர் தெருக்களில் போதைப் பொடி விற்கும் வெள்ளைக்கார முதலாளியை விரட்டி விரட்டி அடிப்பேன். அந்த வருடம் டெட்ராய்ட்டில் எங்கள் பேட்டைப் பெண்கள் அத்தனை பேரும் என்னைப் போலத்தான் நடந்தார்கள். சொல்லிக்கொள்வதில் எனக்கென்ன வெட்கம்?

முதலில் டைரக்டர் படத்தை வேறு மாதிரி முடித்திருந்தார். ஜூன் குண்டடிபட்டு, தேவாலயப் படிக்கட்டில் செத்துக் கிடப்பாள். வெளியிடுவதற்கு முன்னால் எங்கள் மேஃபீல்ட் தியேட்டரில் போட்டுக் காட்டினார்கள். எங்கள் ஜனம் வாயை மூடிக்கொண்டு படம் பார்க்கிற ஜனமா? திரையோடு பேசும், திட்டும், “பின்னால வர்றான், பாருடி!” என்று எச்சரிக்கும். விழுந்த ஜூன் எழவில்லை என்றதும் தியேட்டரே கொந்தளித்துவிட்டது. என் அம்மா தேவாலயத்தில் வருகிறவர்களை உட்காரவைக்கும் ஊழியக்காரி. அந்த வெள்ளைச் சீருடையோடு நேராகப் படத்துக்கு வந்திருந்தாள். காலில் இருந்த வெள்ளை ஷூவைக் கழற்றித் திரைமேல் வீசினாள்.

“அடப்பாவிகளா! நெசத்துலதான் எங்க புள்ளைங்கள சாகடிக்கிறீங்க, சினிமாவுலயுமா? ஏய் ஜூன், எழுந்திருடி!”

தியேட்டர் முழுக்க அதையே கத்தியது. கம்பெனிக்காரர்கள் அரண்டுபோய் கடைசிக் காட்சியை வேறு மாதிரி படம்பிடித்துச் சேர்த்தார்கள். அதில் ஜூன் எழுந்தாள். ஊர் உலகம் பார்த்தது அந்த ஜூனைத்தான்.

போன மாதம் அதே மேஃபீல்டில் படத்தைப் புதுப்பித்துத் திரையிட்டார்கள். என்னை அழைத்தவன் ப்ரெஸ்காட், சினிமாப் பாடம் நடத்துகிற பேராசிரியர். எங்கள் ஜனத்துப் பிள்ளைதான், நல்லவன்தான். முன்வரிசையில் எனக்குப் பக்கத்தில் என் சிநேகிதி வில்லா. அந்தக் காலத்தில் எனக்கு முடி அலங்காரம் செய்தவள். படம் ஓட ஓட அவள் வழக்கம்போலத் திரையோடு பேச ஆரம்பித்தாள். பின்னாலிருந்து ஒரு இளம்பெண் “ஷ்” என்றாள்.

“யாரைப் பாத்து ஷ்ங்கற? இது என்ன பரீட்சை ஹாலா?” என்று வில்லா திரும்பி முறைத்தாள்.

கடைசிக் காட்சி வந்தது. ஜூன் படிக்கட்டில் சரிந்தாள். கேமரா மேலே போனது. போய்க்கொண்டே இருந்தது. ஜூன் எழவே இல்லை.

“ப்ரெஸ்காட், என்னப்பா இது?”

“டைரக்டர் முதல்ல எடுத்த முடிவும்மா. அவர் வீட்டுப் பெட்டியில கிடைச்சுது. இனிமே எங்க போட்டாலும் இதுதான். உங்களுக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னுதான் சொல்லல.”

“ஜூன் எழுந்திரிக்கிற முடிவப் போடு.”

“அது இங்க இல்லம்மா. கலைன்னு பாத்தா இதுதான் உண்மையான முடிவு.”

“கலையா? சுட்டது அவரு, செத்தது நானு. எது உண்மைன்னு நான் சொல்றேன்.”

வில்லா அதற்குள் குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். “எறியட்டுமாடி?”

“வேணாம். புதுத் திரை.”

திரும்பிப் பார்த்தேன். ஒருத்தர் வாய் திறக்கவில்லை. எங்கள் தேவாலயத்தில்கூட இவ்வளவு அமைதி கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று மேடை ஏறினேன். திரையில் செத்துக் கிடந்த ஜூனுக்குக் கீழே, வெறும் பலகையில், அவளைப் போலவே மல்லாந்து படுத்தேன்.

“அடியே, முட்டி ஆபரேஷன் பண்ணவடி நீ! இப்ப எப்படி எழுந்திரிப்ப?” என்று வில்லா அலறினாள்.

“அது என் பாடு. நீ கத்து!”

அவளுக்குச் சொல்லித் தரவேண்டுமா? “எழுந்திருடி, ஜூன்!” என்று கூரை அதிரக் கத்தினாள். பின்னாலிருந்து வயதான குரல்கள் சேர்ந்துகொண்டன. பிறகு “ஷ்” என்றவளே எழுந்து நின்று கத்தினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் கத்தினார்கள்.

ஒருக்களித்துக் கையை ஊன்றினேன். வழுக்கிவிட்டது. முட்டியில் உயிர் போனது. பயந்துவிட்டேன், பொய் சொல்ல மாட்டேன். இப்படியே கிடந்தால் அந்த டைரக்டர் ஜெயித்துவிடுவார். ப்ரெஸ்காட் பதறி ஓடிவந்து கை நீட்டினான்.

“கைய எடு தம்பி. ஜூனை யாரும் தூக்கிவிடல.”

மறுபடி ஊன்றினேன். ஒரு கால். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு கால். நிமிர்ந்து நின்றபோது படத்தின் பெயர்ப் பட்டியல் என் முகத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. தியேட்டர் முழுக்கச் செல்போன்கள் உயர்ந்திருந்தன.

“எல்லாரும் புடிச்சீங்களா?”

“புடிச்சோம்!”

மூச்சு வாங்க ப்ரெஸ்காட்டைப் பார்த்தேன்.

“இவங்க புடிச்சத வாங்கிப் படத்தோட கடைசியில சேத்துடு, தம்பி. அப்புறம் எந்த ஊர்ல வேணா போட்டுக் காட்டு.”