ஒரு சாண் நாடா

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அந்த ராக் குழுவின் மேல் இருந்ததை வெறும் ரசனை என்று சொன்னால் சண்டைக்கு வந்துவிடுவார். நாற்பது வருஷமாக அவர்கள் பாட்டைத்தான் கேட்கிறார், அதுவும் ஒரே கேசட்டில். அதே பாட்டைச் செல்போனில் கேட்பவர்களை மனுஷராகவே மதிக்க மாட்டார். எந்தப் பாட்டில் எந்த இடத்தில் டிரம்மர் இருமுகிறார் என்பது வரை அவருக்கு அத்துப்படி. அவர் அந்தப் பேச்சை எடுத்தாலே கூட வேலை பார்ப்பவர்கள் ஸ்பானரைத் தேடுகிற சாக்கில் மோட்டார் அறையை விட்டு நழுவிவிடுவார்கள்.

கடைசிச் சுற்றுப்பயணமாக அந்தக் குழு ஊருக்கு வருகிறது என்றதும் சத்தமில்லாமல் இரண்டு டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து நின்றது அவருடைய தங்கை. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். வீட்டில் அவளுக்குப் பெயர் கத்திரி. அண்ணன் பிள்ளைகளுக்குக் கத்திரி அத்தை. பெயர் வந்த கதையை வருஷத்துக்கு நாலு தடவையாவது யாராவது எடுத்துவிடுவார்கள்: ஆறு வயதில், சித்தப்பா ஆசையாக வாங்கி வைத்திருந்த அந்தக் குழுவின் கேசட் நாடாவை வெட்டிவிட்டாளாம். டாக்டர்களுக்குக் கத்திரிக்கோல் எடுத்துக் கொடுக்கும் வேலைக்கே அவள் போய்ச் சேர்ந்ததும் கதைக்கு இன்னொரு சிரிப்பு கூடியது. அவளும் கூடவே சிரிப்பாள். ஆனால் அண்ணன் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டுமென்றாலும் "எடுத்துக்கட்டுமா?" என்று கேட்காமல் தொட மாட்டாள்.

அந்தக் கதையில் ஒரே ஒரு பிழை. வெட்டியது அவள் இல்லை, அண்ணன்காரர்தான்.

அப்போது அவருக்குப் பதினாலு வயது. சித்தப்பா வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, தொடவே கூடாது என்று சொல்லியிருந்த கேசட்டை எடுத்துப் போட்டார். கடைசிப் பாட்டின் நடுவில் நாடா உருளையில் சுற்றிக்கொண்டது. பதறிப்போய் இழுத்ததில் ஒரு சாண் நீளத்துக்குக் கசங்கிப் போனது. பக்கத்தில் காகிதப் பொம்மை வெட்டிக்கொண்டிருந்த தங்கையிடம் கத்திரியை வாங்கி, கசங்கியதை வெட்டி எறிந்து, இரண்டு முனைகளையும் ஒட்டினார். கத்திரியை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். சித்தப்பா வந்து ஒட்டைக் கண்டுபிடித்துக் கத்தியபோது, கத்திரி அவள் கையில்தான் இருந்தது என்று மட்டும் சொன்னார். அது பொய்யில்லையே என்று அந்தச் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்ட காலமும் உண்டு. அன்றிலிருந்து தங்கை டேப்ரெக்கார்டர் பக்கமே வரக் கூடாது என்றாகிவிட்டது. மனசு விட்டுப்போன சித்தப்பா, ஒட்டுப் போட்ட கேசட்டை அண்ணன்காரருக்கே கொடுத்துவிட்டார்.

நிகழ்ச்சி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், விளையாட்டரங்கத்தில். வெயில் இன்னும் இறங்கவில்லை. சட்டைப்பையில் கேசட்டை வைத்துக்கொண்டு மாப்பிள்ளைபோல் போய் உட்கார்ந்தார். கிட்டார்காரர் ஸ்டூலில் உட்கார்ந்துதான் வாசித்தார். டிரம்மரின் முழங்காலில் பட்டை. பாடகர் வரிகளைப் பார்க்கக் கண்ணாடி போட்டுக்கொண்டார். ஆனாலும் முதல் பாட்டுக்கே மெக்கானிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்து எது வரும், எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று தங்கை காதில் ஓயாமல் வகுப்பெடுத்தார். முன்வரிசைப் பையன்கள் இரண்டு முறை திரும்பி முறைத்தார்கள். விஷயம் தெரியாதவர்கள் என்று விட்டுவிட்டார்.

கடைசியாக, கேசட்டிலும் கடைசியாக வரும் அந்தப் பாட்டு வந்தது. நடுவில் எல்லா வாத்தியங்களும் ஒரே அடியில் நின்றன. அடுத்த வரியை மெக்கானிக் அடிவயிற்றிலிருந்து எடுத்துவிட்டார்.

அவர் குரல் மட்டும்தான் கேட்டது. பன்னிரண்டாயிரம் பேர் வாயைத் திறக்காமல் நின்றுகொண்டிருந்தார்கள். பாடகர் பாட்டை நிறுத்தி, யாருக்கோ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறது என்று மைக்கில் சொல்ல, அரங்கமே சிரித்தது. காமிரா தேடிப் பிடித்து அவர் மூஞ்சியைப் பெரிய திரையில் போட்டது. பாதி திறந்த வாயோடு தன்னைத்தானே பார்த்துக்கொண்டு நின்றார்.

பாட்டை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அந்த இடம் வந்தது. வாத்தியங்கள் நின்றன. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று நிதானமாக எண்ணும் நேரத்துக்குச் சத்தமே இல்லை. அதன் பிறகுதான் பாடகரின் குரல் வந்தது. மெக்கானிக்குக்கு அப்போதுதான் புரிந்தது. அன்று அவர் வெட்டி எறிந்த ஒரு சாண் நாடாவில் இருந்தது இந்த மௌனம்தான். மௌனம் என்பதால்தான் போனதே இத்தனை வருஷமாகத் தெரியவில்லை.

கூட்டம் வாசலை நோக்கி நகர்ந்தது. தங்கை எழுந்திருக்கவில்லை.

"அண்ணா, நான் வெட்டினது அந்த இடத்தைத்தானே?"

அவளே மெதுவாகப் பேசிக்கொண்டு போனாள். வெட்டியது தனக்கு ஞாபகமே இல்லை, ஆனால் எல்லோரும் சொல்கிறார்களே என்றாள். தன்னால்தான் இத்தனை வருஷமாக அண்ணன் தப்பாகப் பாடியிருக்கிறார் என்றாள். "அதுக்கு ஈடா இருக்கட்டும்னுதான் இந்த டிக்கெட்டே எடுத்தேன். கடைசில இங்கயும் என்னாலதான் உனக்கு அசிங்கமாப் போச்சு."

பழைய கதையை விடு என்று ஒரு வார்த்தை போதும். பெருந்தன்மையான அண்ணன் என்ற பேரோடு வீட்டுக்குப் போய்விடலாம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரை வந்தும்விட்டது. பெரிய திரையில் பார்த்தபோதைவிட இப்போதுதான் அவருக்குத் தன்னைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"வெட்டினது நான்," என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். நாடா சிக்கியது, கத்திரியை வாங்கியது, திருப்பிக் கொடுத்தது, சித்தப்பாவிடம் சொன்ன அந்த ஒரு வாக்கியம், எதையும் விடவில்லை. சொல்லி முடிப்பதற்குள் பாதி அரங்கம் காலியாகிவிட்டது.

"சித்தப்பா கேட்டப்ப நான் ஆமான்னு தலையாட்டினேன்னு சொல்வாங்களே," என்றாள். "செய்யாததுக்கு நான் ஏன் தலையாட்டினேன்?"

"நீ என் மூஞ்சியத்தான் பாத்த. நான் கண்ணைக் காட்டினேன்."

தங்கை திட்டவில்லை, அழவுமில்லை. கையை நீட்டி அவர் சட்டைப்பையிலிருந்த கேசட்டை எடுத்தாள். தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிட்டு எழுந்தாள்.

எடுத்துக்கட்டுமா என்று கேட்கவில்லை.