துப்பாக்கிக்கு மாப்பிள்ளை தைத்த உறை

ஒடுகத்தூருக்கு மேலே, மலையடிவாரத்தில் இருக்கும் தனகோடி வீட்டு ஒற்றைக் குழல் துப்பாக்கி, உள்ளே தோட்டா இருந்தால் இருமும். பெரிய இருமல் ஒன்றும் இல்லை. பீடி குடிக்கிற ஆள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் இருமுவானே, அந்த மாதிரி வறட்டு இருமல். தோட்டாவை எடுத்துவிட்டால் நின்றுபோகும். வேர்க்கடலைக் கொல்லையில் காட்டுப்பன்றி இறங்காமல் இருக்க அவர் அப்பா லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கி அது. பன்றியைச் சுட்டதெல்லாம் கிடையாது. வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டால் பன்றி தன்னால் மலை ஏறிவிடும். ஊரில் இதை யாரும் அதிசயமாகப் பேசியதில்லை. கடலை என்ன விலை போகுது, துப்பாக்கி எப்படி இருக்கு என்று இரண்டையும் ஒரே மூச்சில் விசாரித்துவிட்டுப் போவார்கள்.

பேஜாரே அந்த இருமலால்தான் வந்தது. அது இருமுகிறதே என்ற தைரியத்தில் தனகோடி திறந்தே பார்க்கமாட்டார். துடைக்க உட்கார்ந்தால் காதைக் கொடுத்துக் கேட்பார், சத்தம் இல்லையென்றால் காலி என்று துணியை எடுத்துவிடுவார். மனைவி கெங்கம்மாளுக்கு இது ஆகவே ஆகாது. "இரும்பு இருமுதுன்னு நம்பி உயிர உடணுமா? மொதல்ல தொறந்து பாருய்யா" என்று கத்துவாள். கத்திவிட்டு அவளே பிடுங்கி, பின்கட்டில் அடுக்கிய மண் மூட்டைகளைப் பார்த்துக் குழலைத் திருப்பி, மடக்கித் திறந்து, கண்ணால் பார்த்தது போதாதென்று சுண்டு விரலையும் விட்டுப் பார்ப்பாள். தோட்டா டப்பா அடுத்த ரூமில் ட்ரங்க் பெட்டிக்குள் பூட்டியிருக்கும், சாவி அவள் இடுப்பில். அதற்கப்புறம்தான் தனகோடி கம்பியில் துணி சுற்றிப் பின்பக்கமிருந்து முன்பக்கமாகத் தள்ளித் துடைக்கவேண்டும், துப்பாக்கி எண்ணெயை லேசாகப் பூசவேண்டும். வேலூர் போய் எண்ணெய் வாங்கச் சோம்பல்பட்டு ஒருமுறை தேங்காயெண்ணெய் போட்டார். எறும்பு வரிசை கட்டிக்கொண்டு குழலுக்குள் குடிபோனது. அந்த வாரம் துப்பாக்கி இருமவில்லை, தும்மியது.

மகள் பூர்ணிமாவை ஆம்பூரில் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை செல்வகுமாருக்கு ஷூ ஃபேக்டரியில் கட்டிங் செக்‌ஷனில் வேலை. தங்கமான பையன், பீடி சிகரெட் கிடையாது. ஒரே ஒரு வியாதி, எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு தோல் உறை தைத்துவிடுவான். போனுக்கு, டிவி ரிமோட்டுக்கு, மாமியாரின் மூக்குக் கண்ணாடிக்கு. தலை தீபாவளிக்கு வந்தபோது, பீரோவில் துணிமணிக்கு நடுவே துப்பாக்கி அம்மணமாகப் படுத்திருந்தது அவனுக்குத் தாங்கவில்லை. அடுத்த முறை எருமைத் தோலில் இரட்டைத் தையல் போட்டு ஓர் உறையோடு வந்தான். "ரிஜெக்ட் பீஸ் இல்ல மாமா, ஏ கிரேடு" என்றான். தெருவே வந்து மோந்து பார்த்துவிட்டுப் போனது. தோல் தண்ணீர் குடிக்கும், குடித்ததை லேசில் விடாது என்பதெல்லாம் அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் ஷூவுக்குள் மனுஷன் கால்தானே போகிறது, இரும்பு போகவில்லையே. அதற்கு மேல் அவன் யோசிக்கவில்லை.

அந்த மழைக்காலத்தில் கெங்கம்மாள் ட்ரங்க் பெட்டிச் சாவியைத் தனகோடியிடம் கொடுத்துவிட்டு, பூர்ணிமாவைப் பார்க்க ஆம்பூர் போயிருந்தாள். சாயங்காலம் கொல்லையில் பன்றி இறங்கிவிட்டதென்று தனகோடி தோட்டாவைப் போட்டுக்கொண்டு கொட்டுகிற மழையில் ஓடினார். பன்றிகளும் மழைக்குப் பயந்து முன்னாலேயே போய்விட்டிருந்தன. தொப்பலாக நனைந்து வந்தவருக்குப் பசி, திட்டுவதற்கும் வீட்டில் ஆள் இல்லை. துப்பாக்கியை அப்படியே உறைக்குள் சொருகிப் பீரோவில் வைத்தார். உள்ளே அது இருமியது. எருமைத் தோலைத் தாண்டி வெளியே கேட்கவில்லை. ஈரத்தோலுக்குள் இருமி இருமித் தொண்டை கட்டி, கடைசியில் சத்தமே நின்றுபோனது. கெங்கம்மாள் வந்து கேட்டதற்கு, "காலியாத்தான்மே இருக்கு, சத்தமே இல்ல பாரு" என்றார். அவரும் பொய் சொல்லவில்லை, மறந்தே போய்விட்டார்.

பிறகு தேர்தல் அறிவித்தார்கள். தேர்தல் முடிகிறவரை லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கவேண்டும். ஒப்படைப்பதற்கு முன்னால் துடைத்துவிடலாமென்று தனகோடி காலையில் பின்கட்டில் உட்கார்ந்தார். செல்வகுமாரும் வந்திருந்தான். உறையைக் கழற்றினால் உள்ளே பூசணம், இரும்பு முழுக்கச் செம்பட்டைத் துரு. தன் கையால் தைத்தது இப்படிச் செய்துவிட்டதே என்று பையனுக்கு முகம் செத்துப்போனது. "உள்ளயும் துரு புடிச்சிருக்குமா மாமா?" என்றான். "பாருங்க மாப்ள, காலிதான், இருமவே இல்ல" என்றார் தனகோடி. அவன் மண்டிபோட்டுக் குழலின் வாயில் கண்ணை வைத்தான். துருவில் இறுகிப்போன துப்பாக்கியைத் திறக்க அவர் பல்லைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார், விரல் எங்கே இருக்கிறது என்ற நினைப்பே இல்லாமல்.

அப்போது செல்வகுமார் இருமினான். வறட்டு இருமல். ஒன்று வந்து, பின்னாலேயே இன்னொன்று வந்து, நிறுத்தவே முடியவில்லை. அடுப்பில் தோசை வார்த்துக்கொண்டிருந்த கெங்கம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்ட இருமல் அது. மாப்பிள்ளைக்கு நேரெதிரே நின்றுகூடப் பேசாதவள், ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்து ஒரே இழுப்பில் கீழே தள்ளினாள். "கைய எடுய்யா மொதல்ல!" குழலை மண் மூட்டைப் பக்கம் திருப்பி அவளே இழுத்துத் திறந்தாள். உள்ளே தோட்டா, பச்சை பூத்து உட்கார்ந்திருந்தது. அதை நெம்பி எடுத்ததும் அவன் இருமல் நின்றது. கெங்கம்மாள் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். தனகோடி அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "என் பொண்ணு தாலிய நானே அறுக்க இருந்தேன்டி" என்றார். தோசை கருகிப்போனது.

அன்றிலிருந்து துப்பாக்கி இருமுவதில்லை. துருவைத் துடைத்து, எண்ணெய் போட்டு, காய்ந்த பருத்தித் துணியில்தான் சுற்றி வைக்கிறார்கள். உறையை வெட்டி மாமனாருக்குச் செருப்பு தைத்துக் கொடுத்தான் செல்வகுமார், நன்றாக உழைக்கிறது. இருமல் மட்டும் அவனிடமே தங்கிவிட்டது. டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து நெஞ்சு சுத்தம் என்றார். ஆம்பூரில் மெஷின்முன் நிற்கும்போது திடீரென்று இருமுவான். "இன்னா, உங்க மாமா கொல்லைக்குப் போய்ட்டாரா?" என்று கேட்டுக்கொண்டே சூப்பர்வைசர் வஹீதா வெந்நீர் கொண்டுவரச் சொல்வாள். இருமல் நின்றால், மாமா தோட்டாவை எடுத்துப் பூட்டிவிட்டார் என்று கணக்கு.

இப்போது தனகோடி துடைக்க உட்கார்ந்தால் முதலில் ஆம்பூருக்குப் போன் போடுகிறார்.

"மாப்ள, இருமல் கிருமல் இருக்கா?"

"இல்ல மாமா, நல்லாத்தான் இருக்கேன்."

"சரி மாப்ள. எதுக்கும் தொறந்து பாத்துடறேன்" என்று சொல்லிவிட்டு, குழலை மண் மூட்டைப் பக்கம் திருப்புகிறார்.